கழனிப் பானையில் ஏழு வருஷம்

திண்டுக்கல் பேகம்பூரில் நாகஜோதியைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சரியாகத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. காலேஜ் டீச்சர் என்பார்கள் சிலர். தண்ணீர் டெஸ்ட் பண்ணுகிற அம்மா என்பார்கள் சிலர். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரஃபி மட்டும், "அரிசிக்கு நீச்சல் சொல்லிக் குடுக்குற டீச்சர்" என்பான். கேலிதான், ஆனாலும் அவன் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அவனிடம் வாங்கிய பச்சரிசியில் உடையாத மணிகளாகப் பொறுக்கி, லேசாக வேகவைத்து, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணங்களில் ஒன்றிரண்டாகப் போட்டு வைப்பாள். அரிசியை நம்பிக் கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்கள் பெருகும். அவற்றைத் தின்று அமீபாக்கள் பிழைக்கும். அந்த அமீபாக்களின் உடம்புக்குள்ளே, இன்னும் பொடிப்பொடியாக, பாக்டீரியாக்கள் குடியிருந்தன. அந்தக் கிண்ணங்களில்தான் நாகஜோதியின் ஏழு வருஷம் இருந்தது.

பழனிப் பக்கத்து ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்பில் பிறந்து வளர்ந்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேர ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கணவர் பழனிக்குமார் சரக்கு ரயிலில் கார்டு. அவர் மட்டும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் இருந்தால்தானே கேட்பதற்கு என்று நாகஜோதி சிரிப்பாள். அப்பா இறந்த பிறகு அம்மா அங்காளம்மாள் ஆயக்குடியிலிருந்து மகளோடு வந்துவிட்டார்.

ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருந்தது. மாணவர்களுக்கு அமீபா காட்ட வேண்டும் என்று ஒரு வருஷம் சொந்தத் தோப்பிலிருந்த சிமென்ட் தொட்டித் தண்ணீரை ஒரு கேனில் கொண்டுவந்தாள். அமீபாவும் கிடைத்தது. கிண்ணங்களில் பிரித்து வளர்த்தாள். கொஞ்ச நாளில் ஒரு கிண்ணத்து அமீபாக்களுக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்டது. உப்பிப்போய், நகரவே சோம்பல்பட்டன. இங்கே ஒன்று இரண்டாகப் பிரிவதற்குள் மற்ற கிண்ணங்களில் ஒன்று எட்டாகிவிடும். சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் ஆயிரக்கணக்கில் புள்ளிகள். தின்னப் பிடித்த பாக்டீரியா செரிக்காமல் உள்ளேயே தங்கிப் பெருகிவிட்டிருந்தது. தினமும் கொத்துக்கொத்தாகச் செத்தன.

"கொட்டிட்டு வேற எடுங்க மேடம்" என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். அதுதான் வழக்கம், அதுதான் புத்திசாலித்தனமும்கூட. நாகஜோதி கொட்டவில்லை. நோய் கண்டதையெல்லாம் வேரோடு பிடுங்குவதென்றால் ஆயக்குடியில் ஒரு கொய்யா மரம் மிஞ்சாது என்று சொல்லிவிட்டாள். செத்தவற்றை ஒதுக்கி, பிழைத்தவற்றை மட்டும் நுனி மெலிந்த சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுத்துப் புதுத் தண்ணீரில் விடுவாள். மறுபடி பாதி சாகும். மறுபடி எடுத்து விடுவாள். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு கல்லூரிக்குப் போய்த் தண்ணீர் மாற்றியிருக்கிறாள். கொரோனா வந்து ஊரடங்கிய போது பழனிக்குமாரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் கிண்ணங்களை அடுக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். வழியில் மறித்த போலீஸ்காரர் என்னம்மா இது என்று கேட்டதற்கு, "உயிருங்க சார்" என்றாளாம். அவர் கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

பொறுமைக்குப் பலன் கிடைத்தது. வருஷங்கள் போகப் போகச் சாவு நின்றது. உள்ளே பாக்டீரியா அப்படியே இருந்தும் அமீபாக்கள் தெளிந்து, ஓடியாடி, மற்றவை போலவே பெருகின. அதற்குப் பிறகுதான் நாகஜோதி தூக்கம் கெடும்படி ஒன்றைக் கண்டாள். அந்த பாக்டீரியாவுக்கு வெப்பம் ஆகாது. கொஞ்சம் சூடான இடத்தில் கிண்ணத்தை வைத்தால் அது அழிந்துவிடும். தொல்லை ஒழிந்தது என்று அமீபா துள்ளிக் குதிக்க வேண்டுமல்லவா? குதிக்கவில்லை. சில நாள் சுருண்டு கிடந்துவிட்டு அதுவும் செத்தது. பாக்டீரியாவே ஏறாத அமீபாக்களோ அதே சூட்டில் சுகமாக இருந்தன. வாடகைக்கு வந்தவன் நாளடைவில் வீட்டுத் தூணாகவே ஆகிவிட்டான், அவனைக் கிளப்பினால் கூரை விழுகிறது. அறுபதுகளில் அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்திலும் இப்படி நடந்ததுண்டு. அதைப் படித்தபோது அவளுக்குப் புல்லரித்தது. நம் தோப்புத் தொட்டிக்குள்ளும் அது நடக்கிறது என்று சொல்ல வேண்டும், நிரூபித்துச் சொல்ல வேண்டும்.

அங்கேதான் இடித்தது. அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் மரியசெல்வம் நல்ல மனுஷன், ஆனால் அளந்துதான் தலையாட்டுவார். முடிவுகளையெல்லாம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தக் கிண்ணத்துல பாக்டீரியா இருக்குன்னு பரிசோதனைக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார். நான்தான வளக்குறேன்."

"அப்ப உங்க கண்ணு எதைச் சாகணும்னு நினைக்குதோ அதைத்தான் செத்ததாப் பார்க்கும். என் கண்ணும் அப்படித்தான். ஜூலையில கமிட்டி கூடுது. இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க."

நாகஜோதிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னது நியாயம் என்று பட்டது, அதனால் ஆத்திரம் இன்னும் கூடிற்று. சரி, மே மாத விடுமுறையில் முடித்துவிடலாம் என்று தேற்றிக்கொண்டாள். கல்லூரியைப் பூட்டி, குளிர் பெட்டியையும் அணைத்துவிடுவார்கள் என்பதால் கிண்ணங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பாக்டீரியா உள்ளவற்றுக்கு அவள் வைத்திருந்த பெயர் குடித்தனக் கிண்ணம். இல்லாதவை காலிக் கிண்ணம். சமையல் மேடைக்கு அடியில் பெரிய தாம்பாளத்தில் ஆற்று மணலை நனைத்துப் பரப்பி, அதில் கிண்ணங்களைப் புதைத்து, மேலே ஈரத்துணி போர்த்தினாள். திண்டுக்கல் வெயிலிலும் உள்ளே சில்லென்று இருந்தது. "தொடாதம்மா" என்று அங்காளம்மாளிடம் சொன்னாள். அந்த ஒரு வரி போதும் என்று நினைத்ததுதான் தப்பு. குடித்தனக்கார அமீபா அவளிடம் அந்தத் தாம்பாளத்தில் மட்டும்தான் இருந்தது. அது போனால் தொட்டியிலிருந்து இன்னொரு ஏழு வருஷம். அப்போதும் அமையும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அன்றைக்கு அவள் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்தாள். கொசுப்புழு பார்க்கும் பெண்கள் தெருவுக்குள் வந்தார்கள். டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதும், தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வதும் அவர்கள் கடமை. டெங்கு வந்து தெருவில் ரெண்டு பிள்ளைகள் படுத்திருந்த நேரம். அங்காளம்மாள் இதுவரை அவர்களிடம் ஒரு சொல் வாங்கியதில்லை, அதில் அவருக்குத் தனிப் பெருமை. அவர்களில் ஒருத்தி குனிந்து ஈரத்துணியைத் தூக்கினாள்.

"என்னம்மா இது, இம்புட்டுக் கிண்ணத்துல தண்ணியத் தேக்கி வச்சிருக்கீங்க? சோத்துப் பருக்கை வேற கெடக்கு. டீச்சர் வீட்லயே இப்பிடின்னா நாங்க யாரைப் போய்ச் சொல்றது?"

டீச்சர் வீட்டிலேயே என்ற சொல் அங்காளம்மாளைச் சுட்டுவிட்டது. மகளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தார். அதோடு விட்டாரா? சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, மேடையில் வரிசையாகக் கவிழ்த்தும் வைத்தார்.

நாகஜோதி டவுன் பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது. முதலில் கண்ணில் பட்டவை அந்தக் கிண்ணங்கள்தான். விஷயத்தைக் கேட்டறிந்தாள். பிறகு அவள் சொன்னது இதுதான்.

"நீ இங்க வராமலே இருந்திருக்கலாம்மா."

அங்காளம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்க்கும் நிலையில் மகள் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற வெறுப்போடுதான் கேட்டாள்.

"எல்லாத்தையும் சாக்கடையில ஊத்திட்டியா?"

"சாக்கடையிலயா?" அங்காளம்மாளுக்கு அந்தத் துக்கத்திலும் சுருக்கென்று கோபம் வந்தது. "பைப்புல தண்ணி வந்து எத்தன நாளாச்சு? தண்ணியக் கொண்டுபோயிச் சாக்கடையில ஊத்துவாங்களா ஆராச்சும்? கழனிப் பானையிலதேன் ஊத்துனேங் கண்ணு."

நாகஜோதி துள்ளி எழுந்தாள். திண்டுக்கல்லில் அரிசி களைந்த தண்ணீரை எவரும் வீணாக்குவதில்லை. அடுப்படி மூலையில் ஒரு பானையில் சேரும், சாயங்காலம் ஏதாவது ஒரு மாட்டுக்கோ ஆட்டுக்கோ போகும். அவள் மூலையைப் பார்த்தாள். பானை காலியாக இருந்தது.

"இப்பத்தேன் ஜெய்தூன் வந்து பக்கெட்டுல ஊத்திக் கொண்டுபோச்சு, கெடாய்க்கு" என்றார் அங்காளம்மாள்.

பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி பக்ரீத்துக்காக ஒரு செம்மறிக் கிடாயை வாங்கிக் கொல்லையில் கட்டியிருந்தார். நாகஜோதி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். கிடாய் பக்கெட்டுக்குள் கழுத்துவரை தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் பக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். கிடாய் விடுவதாக இல்லை. அவள் கொம்பைப் பிடித்தாள், கிடாய் ஒரு முட்டு முட்டியது. கல்லூரியில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், பக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா டீச்சரு, வாயில்லா ஜீவன் குடிக்கிற தண்ணியைப் புடுங்குற?" என்று ஓடிவந்தார் ஜெய்தூன் பீவி.

"அதுக்குள்ளயும் ஜீவன் இருக்கு மாமி" என்றாள் நாகஜோதி. மூச்சு வாங்கியது. கிடாய் பாதியைக் குடித்துவிட்டிருந்தது.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டுகளில் ஊற்றித் தெளியவிட்டாள். வீட்டில் இருந்தது ஒரு சின்ன மைக்ரோஸ்கோப். சாயமேற்றி உள்ளே இருப்பதைக் காட்டுகிற நல்லது கல்லூரியில், பூட்டுக்குள். சின்னதை வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாள். கஞ்சித் துகளுக்கும் தவிட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு மெல்லக் காலை நீட்டியது. அமீபா. இன்னொன்று. மொத்தத்தில் இருபத்துச் சொச்சம் தேறின. அமீபாவில் ஒன்று இருந்தால் போதும், ஊரையே நிரப்பிவிடலாம். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அடுத்த நொடிதான் உறைத்தது.

குடித்தனக் கிண்ணம், காலிக் கிண்ணம் எல்லாம் ஒரே பானையில் கொட்டப்பட்டிருக்கிறது. இந்த இருபதில் எது எது? வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். சூட்டில் வைத்தால் தெரிந்துவிடும். குடித்தனக்காரன் உள்ளவன் சாவான். ஆனால் செத்தபிறகு தெரிந்து என்ன செய்ய? தேடுகிற உயிரைக் கொன்றுதான் அதை அடையாளம் காண முடியும் என்றால் யார்தான் என்ன செய்வார்கள்?

மற்றவர்களாக இருந்தால் எல்லாவற்றையும் குளிரில் வைத்துக் கல்லூரி திறக்கக் காத்திருப்பார்கள். ஜூலைக் கமிட்டிக்கு முன் சூட்டுப் பரிசோதனையையும் முடித்தாக வேண்டும், அவளால் காத்திருக்க முடியாது. அவள் தலையில் கை வைத்து உட்காரவும் இல்லை. ஜெய்தூன் பீவியிடம் போய், சற்று முன் சண்டை போட்ட முகத்தோடேயே, ஃபிரிட்ஜில் ஐஸ் வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகளைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒரு குழிக்கு ஓர் அமீபா என்று விட்டாள். அது வளர்ந்து இரண்டாகப் பிரியும்வரை காத்திருந்தாள். பிரிந்ததும் ஒன்றை அதே குழியில் விட்டு, அதன் உடன்பிறப்பை இரண்டாவது தட்டில் அதே எண்ணுள்ள குழிக்கு மாற்றினாள். முதல் தட்டு ஈர மணலில். இரண்டாவது தட்டு அடுப்புக்கு மேலே பரணில், புழுங்கித் தள்ளும் சூட்டில். மேலே ஒன்று செத்தால், கீழே அதே எண்ணில் இருப்பதுதான் அவளுடைய ஏழு வருஷம். இந்த யோசனை யாருக்கு வரும்? எனக்கு வந்திருக்காது.

அங்காளம்மாள் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் மகளோடு அதிகம் பேசவில்லை. துணிப்பை ஒன்று அவர் படுக்கும் இடத்தில் சேலைகள் மடித்து நிரப்பித் தயாராக இருந்தது. ஒரு நாள் மட்டும் தாளாமல் கேட்டார்.

"கூடப் பொறந்ததுல ஒன்னக் குளுகுளுன்னு வெச்சு, ஒன்னப் பொசுக்கறயே கண்ணு, பாவமில்லையா?"

"பாவந்தாம்மா" என்றாள் நாகஜோதி, கண்ணை எடுக்காமல்.

பரணில் எதுவும் சாகவில்லை. தினமும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்பாள், எல்லாம் ஜாலியாக ஊர்ந்துகொண்டிருக்கும். குடித்தனக்காரர்கள் எல்லாரும் கிடாய் வயிற்றுக்குள் போய்விட்டார்கள், மிஞ்சியவை வெறும் காலி வீடுகள் என்று அவள் நினைக்கத் தொடங்கினாள். ஒரு காலையில் வழக்கம் போல ஏறித் தட்டை இறக்கி, முதல் குழியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவள் நாலாவது குழியில் நின்றாள். உருண்டையாகச் சுருண்டு, ஓரம் கிழிந்து, அசைவற்ற ஒரு பொட்டு. ஏழாவதிலும் அப்படி. பதினொன்றிலும். அவளுக்கு வீடு, தெரு, நேரம் எதுவும் நினைவில்லை.

"செத்துப்போச்சு! அம்மா, செத்துப்போச்சும்மா!" என்று கத்தினாள்.

அங்காளம்மாள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. கொல்லைச் சுவருக்கு மேலே ஜெய்தூன் பீவியின் தலை தெரிந்தது. "யா அல்லா! யாரு? யாரும்மா போயிட்டது?" நாகஜோதி சிரித்துக்கொண்டே அழ, விஷயம் புரியாமல் ஜெய்தூன் பீவியும் சேர்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனார்.

பக்ரீத் வந்தது. ஜெய்தூன் பீவி வீட்டிலிருந்து வழக்கமான பங்கு, பிரியாணியாக, ஒரு தூக்குச் சட்டி நிறைய வந்தது. நாகஜோதி அதைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "என் உழைப்புல பாதி இதுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

கல்லூரி திறந்ததும் இரண்டு தட்டுகளையும் மரியசெல்வத்தின் முன் கொண்டுபோய் வைத்தாள். மேலே செத்தவை எந்த எண்கள் என்று ஒரு தாளில் எழுதி, மடித்து வைத்தாள். பிறகு கீழ்த்தட்டில் ஒவ்வொரு குழியிலிருந்தும் எடுத்து அவரையே சாயம் ஏற்றிப் பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்தார், பிறகு தாளைப் பிரித்தார். எந்த எண்ணில் மேலே சாவு விழுந்ததோ, அந்த எண்ணுக்குக் கீழே உடம்பு நிறையப் புள்ளி. மேலே பிழைத்திருந்த எண்களில் ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. அவர் நிமிர்ந்து, பழைய கேள்வியையே கேட்டார்.

"எது எதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியாது சார். எங்கம்மா எல்லாத்தையும் கலந்துட்டாங்க."

மரியசெல்வம் மறுபடி குனிந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். எழுந்திருக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. எழுந்ததும் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, "உக்காருங்கம்மா. கமிட்டியில நான் பேசுறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தபோது அங்காளம்மாள் கும்பிட்டுக்கொண்டார். பிறகு மெல்ல எழுந்து துணிப்பையைக் கையில் எடுத்தார்.

"எல்லாஞ் செரியாப் போச்சல்லொ? நாளைக்குப் பழனி பஸ்ஸுல ஏத்தி உட்டுரு கண்ணு. நானிருந்தா உனக்குத் தொந்தரவு."

நாகஜோதி பையை வாங்கிக்கொண்டாள். உள்ளேயிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் அடுக்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"அன்னைக்கு நான் சொன்னது ரொம்பத் தப்பும்மா. நீ இல்லாம எனக்கு ஆகாது. மொதல்ல ஆச்சு, இப்ப ஆகாது."

"உங்கிண்ணத்தயே கொட்டுனவ நானு."

"கொட்டுன. சாக்கடையில கொட்டலயே."

அங்காளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்தார். களைந்த தண்ணீரைக் கழனிப் பானையில் ஊற்றுவதற்கு முன், ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார்.